பாறைப் பொந்தில் பிழைத்த குலம்

குறுந்தொகையின் 151ஆம் பாட்டில் வங்காப் பறவை மீது பாயும் வேட்டைப்பறவைக்கு எழால் என்று பெயர். அந்தப் பழஞ்சொல்லை எடுத்தே நம் பறவை ஆர்வலர்கள் ஒரு சிறு வேட்டைப்பறவையைச் சிற்றெழால் என்று வழங்குகிறார்கள். அதன் உறவுப் பறவை ஒன்று மொரீசியஸ் தீவில் வாழ்கிறது.

குளிர்காலத்தில் நம் வயல்வெளிக்கு வரும் சிற்றெழால், காற்றை எதிர்த்துச் சிறகடித்தபடி அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று தரையில் இரை தேடும். மொரீசியஸ் பறவைக்கு வாய்த்ததோ அடர்காடு. குட்டையான சிறகுகளால் கிளைகளுக்குள் வளைந்து புகுந்து, மரப்பட்டையில் வெயில் காயும் பச்சைப் பல்லியைக் கவ்விக்கொண்டு போகும். பல்லிதான் அதற்குச் சோறு. அப்படிப்பட்ட பறவைக்குத்தான் தீவு மக்கள் 'கோழி தின்னி' என்று பெயர் வைத்துச் சுட்டார்கள். எத்தனை பெரிய பழி!

காடு கரும்புத் தோட்டமானது. கொசுவுக்கும் பயிர்ப்பூச்சிக்கும் அடித்த டிடிடி இரை வழியே பறவையின் உடலில் சேர்ந்தது. குரங்கும் எலியும் மரப்பொந்துக் கூடுகளைச் சூறையாடின. 1974இல் காட்டில் எஞ்சியதாகத் தெரிந்தவை நான்கே பறவைகள். அவற்றுள் முட்டையிடும் பெட்டை ஒன்றே ஒன்று.

அந்தப் பருவத்தில் ஒரு சோடி செய்ததை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. வழக்கமான மரப்பொந்தை விட்டுவிட்டு, குரங்கு ஏறமுடியாத செங்குத்துப் பாறையின் பொந்தில் அது முட்டையிட்டது. மூன்று குஞ்சுகள் பறந்தன. பாறையில் பிறந்தவை பின்னர்ப் பாறையையே நாடின.

1979இல் வேல்ஸ் நாட்டு இளைஞர் கார்ல் ஜோன்ஸ் வந்தார். இப்பறவையைக் காக்கும் திட்டத்தை மூடிவிட்டு வரச் சொல்லி அனுப்பப்பட்டவர், மூடாமல் தங்கிவிட்டார். பாறையேறி, முதலில் இட்ட முட்டைகளை எடுத்தார். பார்ப்பவருக்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் முட்டையை எடுத்தால் பறவை மறுபடி இடும் என்பது கோழி வளர்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். எடுத்தவை பொரிப்பகச் சூட்டில் பொரிந்தன. குஞ்சுகளுக்குக் காடை இறைச்சியையும் சுண்டெலியையும் அரிந்து ஊட்டினார்கள். தாய்ப்பறவையோ அடுத்த முட்டைகளை அடைகாத்தது. 1994க்குள் 331 பறவைகள் காட்டில் விடப்பட்டன.

இருந்தும் 2014இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை மீண்டும் அருகிய இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பறவை மீண்டது, காடு மீளவில்லை. தீவின் கிழக்கே பம்பூ மலைகளில் அடியோடு அழிந்திருந்த பறவை இன்று அங்கே மறுபடியும் குஞ்சு பொரிக்கிறது. பலவும் மரத்தில் மனிதர் பொருத்திய பலகைப் பெட்டிகளில். பொந்து விழுமளவுக்கு முதிர்ந்த மரங்கள் அங்கே போதவில்லை.