குழி மூடிய வீடு: காஞ்சிபுரத்தில் விற்பனையும் மறைப்பும்

காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்றால், சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கு முன்பே தறி பிரிக்கப்பட்டுவிடும். படமரம், பண்ணை, மிதி, ஜக்கார்டுப் பெட்டி எல்லாம் வெளியே போகும். மிஞ்சுவது குழி. நெசவாளி தரைமட்டத்தில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிக்கிற குழி. அதில் செங்கல் உடைசலும் மண்ணும் கொட்டி, இடித்து, மேலே சிமெண்டு பூசி, வசதியிருந்தால் டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். 'குழி இருந்தா பாக்க வர்றவன் மூஞ்சி சுளிப்பான், மூடிடுங்க, ரேட்டு ஏறும்' என்பது தரகு மொழி. இந்தத் தரகு மொழிக்குப் பின்னால் ஒரு நகரத்தின் உழைப்பு வரலாறு இருக்கிறது.

விற்பனைக்கு வீட்டைத் தயார்செய்வது அமெரிக்காவில் தனித் தொழில். 1970களின் தொடக்கத்தில் சியாட்டில் பகுதியில் வீட்டு விற்பனையில் இருந்த பார்ப் ஷ்வார்ட்ஸ் என்பவர் அதைத் தொடங்கியவராகச் சொல்லப்படுகிறார். அதற்கு வைக்கப்பட்ட பெயரே நாடகத்திலிருந்து எடுத்ததுதான்: மேடை அமைத்தல். அதன் முதல் விதி, வாழ்கிறவரின் அடையாளங்களை அகற்று என்பது. குடும்பப் படங்கள், சாமி, பழைய சாமான்கள் எதுவும் இருக்கக்கூடாது. வாங்க வருகிறவர் அங்கே தன்னை மட்டுமே பார்க்க வேண்டும். நம்மூரில் இந்தத் தொழிலுக்குப் பெயர் கிடையாது, காரியம் நடக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். அங்கே அகற்றப்படுவது குடும்பத்தின் முகம். இங்கே அகற்றப்படுவது உழைப்பின் முகம்.

வீடும் தறியும் இங்கே எப்போது இரண்டாகப் பிரிந்தன? இடைக்காலக் கல்வெட்டுகளில் கோயிலைச் சுற்றிய திருமடைவிளாகத்தில் நெசவாளர்கள் குடியமர்த்தப்பட்டதைப் பார்க்கிறோம். அவர்கள் மீது விதிக்கப்பட்ட வரிகளில் முக்கியமானது தறி இறை. அதாவது அதிகாரத்தின் கண்ணுக்கு நெசவாளி வீடு என்பது இத்தனை தறி என்ற எண்ணிக்கை. காஞ்சிபுரத்துக் கைக்கோளர்களுக்குத் தண்டும் சங்கும் வைத்துக்கொள்ளும் உரிமை இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மற்ற ஊர்க் கைக்கோளர்கள் அதை முன்மாதிரியாகக் காட்டித் தங்களுக்கும் அதே உரிமையைப் பெற்றார்கள். அந்தக் கௌரவமும் தறியிலிருந்து வந்ததுதான். வரி தாங்காதபோது கைவினைஞர்கள் ஊரைவிட்டு வெளியேறியதையும், சலுகை கொடுத்து அவர்களைத் திரும்பக் குடியேற்றியதையும் விஜயநகரக் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. வீட்டை விற்காமல், விட்டுவிட்டுப் போவதே அன்று அவர்களுடைய எதிர்ப்பு வடிவம்.

இதையெல்லாம் பொற்காலமாக்கிவிடக் கூடாது. காஞ்சிபுரத்திலிருந்து அதிக தூரமில்லாத உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் சபைத் தேர்தலுக்கு விதிகள் வகுக்கின்றன. குடவோலை என்று பாடப்புத்தகத்தில் பெருமையாகப் படிக்கிறோம். அந்தக் குடத்தில் பெயர் போட நிலம் வேண்டும், சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும், வேதக் கல்வி வேண்டும். அது பிராமணர்களின் சபை. வீடு அப்போதே அதிகாரத்திற்கான நுழைவுச் சீட்டு. தறி வைத்திருந்தவன் வரி கட்டினான், சபையில் உட்காரவில்லை. தறியும் இல்லாத உழைப்பாளியின் குடியிருப்பு ஊருக்கு வெளியே இருந்தது.

சோழர் கால விலையாவணங்கள் நான்கெல்லை சொல்லி, பிறகு கிணறு, மரம், புற்று வரை கணக்கெடுக்கும். நிலத்தோடு சேர்ந்தது எல்லாம் எழுத்தில் வரும். இன்றைய பத்திரம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகிறது. சர்வே எண், சதுர அடி, நான்கெல்லை இருக்கும். தறி அசையும் பொருள், அதனால் பத்திரத்திற்குள் வராது. வீட்டு மதிப்பில் குழிக்கு இடம் இல்லை. இருந்தால் குறைதான். ஒரு குடும்பம் இரண்டு மூன்று தலைமுறையாகக் கால் வைத்த இடம் சட்டத்தின் மொழியில் வெறும் பள்ளம்.

அரசுக்கு இந்த உறவு தெரியாமலும் இல்லை. 1980களில் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்கு வீட்டுடன் கூடிய தறிக்கூடம் என்றே ஒரு திட்டம் கொண்டுவந்தது. நெசவாளிக்கு வீடு வேறு, வேலையிடம் வேறு அல்ல என்பதை ஒத்துக்கொண்ட ஆவணம் அது. சொல்லப்போனால் வேலையிடம் வீட்டுக்குள்ளும் அடங்கவில்லை. பிள்ளையார்பாளையம் தெருக்களில் காலையில் பாவு நீட்டிக் கட்டுவார்கள். தெருவே தறியின் நீட்சி. உள்ளே பெண்கள் தார் சுற்றுவார்கள். கோர்வைச் சேலைக்குக் கரை நாடாவைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். அந்த இடத்தில் நீண்டகாலம் சிறுவர்களை உட்கார வைத்தார்கள். அந்தக் குழியின் விளிம்பில் படிக்கப் போகாத பிள்ளைகளின் வரலாறும் இருக்கிறது. ஆகவே குழியை மூடும் குடும்பத்தை நாம் குற்றம் சொல்ல முடியாது. சரிகை விலை, கச்சாப்பட்டு விலை, விசைத்தறிப் போலிகள், ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளின் மாதச் சம்பளம் எல்லாம் சேர்ந்து மூடியது அது. 'நம்மோட போகட்டும், புள்ளைங்களுக்கு வேணாம்' என்று சொல்கிறவரிடம் பாரம்பரியம் பேசுவது ஆபாசம்.

ஆனால் பாரம்பரியம் பேசுகிற இடம் ஒன்று உண்டு. 1996 டிசம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. தென்னிந்திய வீடுகளை வரிசையாகக் காட்டும் அந்த வளாகத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் ஒன்று. கட்டணம் கட்டித் தறியைப் பார்க்கலாம். அந்த முயற்சியின் அக்கறையைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. நான் கவனிக்கச் சொல்வது இரண்டு மேடைகள் எதிரெதிராக நிற்பதை. ஊரில் தறியை எடுத்தால் வீட்டுக்கு விலை. கடற்கரையில் தறியை வைத்தால் வீட்டுக்கு விலை. ஒன்றில் உழைப்பு அசிங்கம், மற்றதில் உழைப்பு அழகு. இரண்டிலும் பார்வையாளனுக்காகவே வீடு தயாராகிறது. உழைத்தவனின் கூலிக் கணக்கு இரண்டிலும் இல்லை. சரக்கு தன்னைச் செய்த கைகளை மறைத்துக்கொள்கிறது என்று மார்க்ஸ் 1867இல் 'மூலதன'த்தில் காட்டினார். பட்டுச் சேலை அப்படி மறைப்பது நமக்குத் தெரியும். அதை நெய்த வீடும் சரக்காகும்போது அதே வேலையைச் செய்கிறது.

இதில் முழுசாக இழப்பவர் வீட்டுக்காரர்கூட அல்ல. அவருக்குக் கையில் ஒரு தொகையாவது வருகிறது. அடுத்தவர் வீட்டுத் தறியில் கூலிக்கு உட்கார்ந்தவர், வாடகை வீட்டில் குழி தோண்ட அனுமதி கேட்டு அலைகிறவர், தார் சுற்றிய பெண் ஆகியோரின் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. தறி பிரிந்த அன்று அவர்களுக்கு இடம் போகிறது. வில்லங்கச் சான்றிதழில் அடமானம் வரும். இவர்களுடைய உரிமை வில்லங்கமாகக்கூட வராது.

நெசவாளர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் கூலி உயர்வு கேட்பதோடு இடத்தையும் கேட்க வேண்டியிருக்கிறது. தறி போடக்கூடிய வாடகைக் குடியிருப்பு, பொதுத் தறிக்கூடம், தறி பிரிக்கப்படும்போது அதில் வேலை செய்தவருக்கு இழப்பீடு ஆகியவை கேட்கக்கூடியவை. எழுதுகிறவர்களுக்கும் வேலை உண்டு. கோபுரத்தையும் கல்வெட்டையும் படியெடுத்த அளவுக்கு இந்த வீடுகளை யாரும் படியெடுக்கவில்லை. எந்தத் தெருவில் எத்தனை குழி இருந்தது, எந்த வருஷம் மூடினார்கள், அதில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டு எழுதினால் அதுவே ஒரு வரலாறு. குழியை மூடியவர்கள் இன்னும் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். போய்க் கேட்டால் சொல்லுவார்கள்.