வேலை கொடுக்காத அதிகாரி

1910-ஆம் ஆண்டில் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி ஐயர். ஒரு நாள் கும்பகோணத்து இளைஞர் ஒருவர் நோட்டுப் புத்தகங்களுடன் அவர் முன் வந்து நின்றார். வயது இருபத்திரண்டு. கலியாணமாகி ஒரு வருஷம். எப்.ஏ. பரீட்சையில் தேறாதவர், கணக்கைத் தவிர வேறு பாடத்தை ஏறெடுத்தும் பாராததால், காலேஜில் கிடைத்த உபகாரச் சம்பளத்தையும் இழந்தவர். தாலுகா ஆபீஸிலோ முனிசிபல் ஆபீஸிலோ ஒரு குமாஸ்தா வேலை. அவ்வளவுதான் அவர் கேட்டது.

ராமானுஜன் கதை என்றதும் எல்லோருக்கும் கேம்பிரிட்ஜ் ஹார்டியின் நினைவு வரும். நாவல் எழுதுகிற புத்தியோ என்னவோ, எனக்கு இந்த டெபுடி கலெக்டரை விட்டு நகர மனம் வருவதில்லை. கணிதத்தில் பித்துக் கொண்டவர் அவர். பிற்பாடு இந்தியக் கணிதக் கழகமாக வளர்ந்த சங்கத்தை 1907-ல் தொடங்கியவர். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்; திகைத்துப் போனார். வேலை மட்டும் கொடுக்கவில்லை. ரெவின்யூ இலாகாவின் கடைசிப் படியில் உட்கார்த்தி இந்த மேதையை மூச்சுத் திணற வைக்கத் தமக்கு மனமில்லை என்று பின்னாளில் அவரே காரணம் சொன்னார்.

பெரிய மனசுதான். ஆனால் பசித்தவனுக்குச் சோற்றை மறுப்பதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லையே! புகழ்ந்து இரண்டு வார்த்தை சொல்லிப் படியிறக்கி விட்டிருந்தால், அந்த மறுப்பை வெறும் கொடுமை என்றே நான் எழுதியிருப்பேன். அவர் அப்படி விட்டுவிடவில்லை. சென்னையிலிருந்த கணிதப் பேராசிரியர் சேஷு ஐயருக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். சேஷு ஐயர், நெல்லூர் கலெக்டர் ராமசந்திர ராவிடம் அனுப்பினார். ராவுக்கு முதலில் நம்பிக்கை விழவில்லை. சில சந்திப்புகளுக்குப் பிறகுதான் மனம் இளகி, என்ன வேண்டும் என்று கேட்டார். கவலையில்லாமல் கணக்குப் போடச் சாப்பாட்டுக்கு வழி வேண்டும் என்பதே பதில். மாதம் 25 ரூபாய் தம் கையிலிருந்து கொடுத்து வந்தார் ராவ்.

1911-ல் ராமஸ்வாமி ஐயரின் சங்கப் பத்திரிகையில் ராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. வேலை தராத மனிதர் வைத்த சங்கம், அச்சில் இடம் தந்தது.

பிறர் பணத்தில் எத்தனை நாள் சாப்பிடுவது? ராமானுஜன் மறுபடியும் வேலை தேடினார். 1912 மார்ச் 1-ந் தேதி சென்னைத் துறைமுக ஆபீஸில் குமாஸ்தாவானார். சம்பளம் 30 ரூபாய். சுற்றிச் சுற்றி அதே குமாஸ்தா நாற்காலிதானா என்று தோன்றலாம். நாற்காலி அதேதான், மேலதிகாரி வேறு. நாராயண ஐயர் என்ற அந்த மேலதிகாரி திருச்சியில் கணிதம் போதித்தவர். துறைமுகத் தலைவர் ஸர் பிரான்ஸிஸ் ஸ்பிரிங்கின் காதில் விஷயத்தைப் போட்டவரும் அவரே.

அப்புறம் நடந்தவை பிரசித்தம். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம், அதே ஆண்டில், பட்டம் பெறாத அவருக்குச் சென்னைப் பல்கலைக் கழகம் தந்த மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம், 1914-ல் கப்பல், 1918-ல் ராயல் ஸொஸைட்டி அங்கத்தினர் பதவி, 1920-ல், முப்பத்திரண்டாம் வயதில், மரணம்.

எனக்குப் பிடித்த காட்சி இவற்றில் எதிலும் இல்லை. திருவல்லிக்கேணி வீட்டு மாடியில் இரவு வெகு நேரம்வரை, நாராயண ஐயரும் அவருடைய குமாஸ்தாவும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்திருப்பார்களாம். பையன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். "எனக்குப் புரிகிற மாதிரி நடுவில் இன்னும் சில வரி எழுதப்பா" என்று மேலதிகாரி கெஞ்சுவாராம். மறுநாள் காலையில் இருவரும் அதே ஆபீஸுக்குத்தான் போக வேண்டும்.