காணிப் பதிவேடும் மலையகக் குடியும்

ஒரு நாட்டின் காணிப் பதிவேடு நிலத்தின் அளவை மட்டும் கூறுவதன்று; அரசு எவரைக் குடியென மதித்தது என்பதையும் கூறுவதாகும். பழைய ஜேர்மானியக் கிராமப் பதிவுகளில் ‘ஹூஃபே’ என்னும் சொல் அடிக்கடி வரும். ஒரு குடும்பம் உழுது பிழைக்கப் போதிய நிலமே அது. முழு ஹூஃபே உடையோர், அரை உடையோர், கால் உடையோர் என வகுத்த அப்பதிவுகள், வயலின்றி வீடு மட்டுமே உடையோரையும் தனி வகுப்பாகக் குறித்தன. இவ்வளவுகோலைக் கொண்டு ஊவா மாகாணத்துக் கொஸ்லந்தைப் பகுதியை நோக்குதல் பயனுடைத்து.

இலங்கைக்குக் காணிப் பதிவு புதியதன்று. கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் காணிகளையும் குடும்பங்களையும் ‘தோம்பு’ என்னும் ஏடுகளில் பதிந்தனர். ஊவாவை உள்ளடக்கிய கண்டி இராச்சியத்திலோ ‘லேகம் மிட்டி’ என்னும் ஓலைப் பதிவுகள் இருந்தன. அவற்றில் வயலின் பரப்பு விதைப்பாட்டினால் குறிக்கப்பட்டது. உழுவோர் அரசனுக்குச் செய்யவேண்டிய ஊழியமும் எழுதப்பட்டது. ஆதலின் அமுணம் என்றும் பேளை என்றும் காண்போர், ஏக்கரை நினையாது விதைநெல்லை நினைத்தல் வேண்டும். நான்கு பேளை ஓர் அமுணம்.

1815இல் கண்டி பிரித்தானியர் வசமாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியன என்றே கொண்டது. அன்றென்போர் அதனை நிரூபித்தல் வேண்டும். கண்டிப் பகுதியில் சேனை நிலத்துக்கு உரிமை கோரியோரிடம் அரச சன்னசு, அல்லது வழக்கமான வரி இறுத்த சான்று கேட்கப்பட்டது. வழிவழியாகச் சேனை செய்த சிங்களக் குடியானவர் பலரிடம் அத்தகைய ஏடு ஏது? மலைச்சரிவுகள் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் விற்கப்பட்டன. புதிய உறுதிகள் ஏக்கர், றூட், பேர்ச்சஸ் என அளவு கூறின.

அவ்வுறுதிகளில் வாங்கியவர் பெயர் உண்டு, நான்கெல்லை உண்டு. காட்டை அழித்துத் தோட்டமாக்கிய தமிழ்த் தொழிலாளர் பெயர் இல்லை. அவர் பெயர் ஏறிய இடம் செக்றோல். அது வேலைநாளும் கூலியும் கணக்கிடும் ஏடு. அவர் கையில் இருந்த ‘துண்டு’ கடன்தொகையைக் கூறும் சீட்டு. அம்முறை 1921இல் ஒழிந்தது. லயன் அறையோ தோட்டத்தின் உடைமை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசிடம் சென்றபோதும், லயன் அறை அங்கு வாழ்ந்தோர்க்குச் சொந்தமாகவில்லை. ஜேர்மானியப் பதிவில் வீடு மட்டும் உடையோனுக்கிருந்த இடமும் அவர்க்குக் கிட்டவில்லை.

இதன் விளைவு ஏட்டோடு நிற்பதன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியது. அபாய எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும், சொந்த நிலமில்லாதோர் பெயர்ந்து செல்லும் இடம் யாது? காணாமற் போனோர் நூற்றுக்கணக்கினர் என முதலிற் கூறப்பட்டுப் பின்னர் அத்தொகை வெகுவாகக் குறைக்கப்பட்டது.

2015க்குப் பின்னெழுந்த தோட்ட வீட்டுத் திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்னும் அளவு வழங்கலாயிற்று. ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ் ஆதலின், அது ஏக்கரின் இருபத்திரண்டில் ஒரு பங்குக்கும் குறைவு. சிறிதெனினும், குடும்பத்தின் பெயரில் உறுதி எழுதப்படுமாயின் அதன் பெறுமதி பெரிது. மலையகக் குடும்ப வரலாற்றை ஆராய்வோர் பழைய காணி உறுதியோடு நின்றுவிடலாகாது. செக்றோலையும் பிறப்பு, இறப்புப் பதிவுகளையும் அதனருகே வைத்துப் படித்தல் வேண்டும். நிலத்தின் ஏட்டில் விடுபட்டோர் உழைப்பின் ஏட்டில் இருக்கின்றனர்.