வெயிலும் ஒரு மருந்தும்

உளநோய் வைத்திய வரலாற்றில் 1952 ஆம் ஆண்டு ஓர் எல்லைக்கல்லாகும். அதற்கு முன்னர்ப் பித்தர் எனப்பட்டோருட் பலருக்கு உயர்ந்த மதிலும் பூட்டிய கதவுமே கதியாயிருந்தன.

1950 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், பிரான்சு நாட்டின் றோன்-பூலாங்கு மருந்துத் தொழிலகத்தில், போல் சாப்பாந்தியே என்னும் இரசாயன அறிஞர் குளோர்புரோமசீன் என்ற மருந்தை ஆக்கினார். கடற்படைச் சத்திரவைத்தியரான ஆன்றி லபோறி, அதனைப் பெற்றவர் நினைவிழக்காமலே அமைதியடைவதைக் கண்டு, உளநோய்க்கும் அது உதவக்கூடுமென்றார். 1952 இல் பாரிசு நகரின் சென்தான் வைத்தியசாலையில் டிலே, டெனிக்கர் என்னும் இருவர் அதனை நோயாளருக்குக் கொடுத்து, அவர்தம் கலவரம் தணியக் கண்டனர். சில ஆண்டுகளுள் அம்மருந்து உலகெங்கும் பரவிற்று. பூட்டுக்கள் திறந்தன, நோயாளர் தோட்டத்தில் உலாவ வந்தனர்.

ஆங்கே அவர்களை வெயில் வருத்திற்று. சிறிது நேரம் நின்றாலும் முகமும் கழுத்தும் கைகளும் தீப்பட்டாற்போலச் சிவந்தன. இதன் காரணம் யாதெனில், இரத்தத்தின் வழியே தோலை அடைந்த மருந்து, சூரிய ஒளியிலுள்ள ஊதாகடந்த கதிர்களை உறிஞ்சிச் சிதைந்து, அயலிலுள்ள கலங்களையும் ஊறுபடுத்துவதேயாம். இதன் இனமாகிய பீனோதயசீனைக் குடற்புழுவுக்காக உண்ட கன்றுகளின் கண்கள் வெயிலிற் புண்பட்டமை 1940களிலேயே அறியப்பட்டிருந்தது. கால்நடைகள் காட்டிய எச்சரிக்கை மனிதரிடத்திலும் மெய்யாயிற்று.

1964 இல் கனடாவைச் சேர்ந்த கிறைனர், பெறி என்போர் மற்றொன்றையும் வெளியிட்டனர். பல ஆண்டுகள் பெருமளவில் இம்மருந்தை உண்டோருட் சிலருக்கு, வெயில் படும் தோல் சாம்பல் கலந்த ஊதா நிறமாயிற்று. கண்ணின் வில்லையிலும் மாசு படிந்தது.

இக்குறையால் மருந்தின் பெருமை அழிந்துவிடவில்லை; இன்றும் அது வழக்கிலுள்ளது. உச்சிவெயிலைத் தவிர்த்தல், நீண்ட கைச்சட்டையும் குடையும் கொள்ளல் என்பனவே பெரும்பாலும் போதிய காப்பாகும். வெயிலுக்கு அஞ்சித் தாமாகவே மருந்தை நிறுத்துதல் பழைய நோயை மீண்டும் அழைப்பதாகும். வைத்தியரிடம் கூறுதலே முறை.

ஒன்றை மட்டும் சுற்றத்தார் மறத்தலாகாது. உளநோயாளர் ஒருவர், "உடம்பு எரிகிறது" என்று கூறுவாராயின், அதனைப் பித்தின் பிதற்றலென்று தள்ளிவிடற்க. அவர் கூறுவது மெய்யாகவே இருக்கக்கூடும்.