சால் பிடிக்கத் தெரிந்தவர்கள்

கிளேபாங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மணல் நிலம் இருந்தது. தோட்ட வேலையை விட்டு வந்த தாத்தா அதில் கடலை போடுவார். நான் விதையை அள்ளி வீசினால் கோபம் வந்துவிடும். "சால் பிடிக்காம போட்டா களையெடுக்கிறவன் கால எங்கடா வைப்பான்?" கயிறு கட்டி, கோடு கீறித்தான் போட வேண்டும்.

நான் புத்தகத்தில் படித்தது வேறு கதை. குதிரை இழுக்க, வரிசையாக விதைக்கும் கருவியை 1701 வாக்கில் ஜெத்ரோ டல் என்ற ஆங்கிலேயர் செய்தார், விவசாயமே மாறியது. அவர் செய்தது உண்மைதான். ஆனால் 1790களில் ஹால்காட் என்ற கும்பினி கேப்டன் குண்டூர்ப் பக்கத்தில் ஒரு வயலைப் பார்த்து அசந்துபோனார். மாடு பூட்டிய சட்டம், அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கும் மூங்கில் குழாய்கள், நடந்துகொண்டே விதையை விடும் ஆள். ஐரோப்பாவின் புதுக் கண்டுபிடிப்பு என்று தான் நம்பியிருந்தது இங்கே சாதாரண வழக்கமாக இருக்கிறதே என்று சீமைக்கு எழுதினார். 1971இல் தரம்பால் வெளியிட்ட தொகுப்பில் அது இருக்கிறது.

கடிதத்தை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 1860களில் மதராஸ் கவர்னர் வில்லியம் டெனிசன் நீராவிக் கலப்பை, விதைப்புக் கருவி எல்லாம் இங்கிலாந்திலிருந்து தருவித்தார். சோதித்துப் பார்க்கச் சைதாப்பேட்டையில் ஒரு பண்ணை. சீமைக் குதிரைக்காகச் செய்ததை நம் குடியானவனின் சோடி மாடு எப்படி இழுக்கும்? ஊர் ஊராகச் சுற்றிய வேல்க்கர், 1893 அறிக்கையில், இந்த மண்ணுக்கு இந்தக் கருவிகளே பொருத்தம், திருத்த அதிகமில்லை என்ற முடிவுக்கு வந்தார்.

அதற்குள் சால் பிடித்த கைகள் கப்பலேறத் தொடங்கியிருந்தன. மலாக்காவில் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் 1896இல் ரப்பர் போட்டார். பின்னால் தோட்டங்கள் பெருகின. அங்கே கலப்பைக்கு வேலை கிடையாது. காட்டை வெட்டி எரித்த மேட்டில் எங்கு பார்த்தாலும் அடிக்கட்டை. ரப்பர் கொட்டை சில வாரங்களில் முளைப்புத்திறனை இழந்துவிடும். பாத்தியில் ஒவ்வொன்றாகக் கையால் பதிக்க வேண்டும். பிறகு கயிறு பிடித்து, குச்சி ஊன்றி, குழி வெட்டி, கன்று நட்டால் நிரை. விதைப்பில் மூன்று தலைமுறை அனுபவம் உள்ளவனும் பதிவில் வெறும் கூலிதான்.

தாத்தாவின் நிரை எப்போதும் நேராக இருக்கும் என்று பாட்டி பெருமையடிப்பார். மாடு இருந்தால் இங்கேயும் கொல்லையில் ஏர் கட்டியிருப்பீர்களா என்று ஒருமுறை கேட்டேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "இந்த ஊர்ல மாடு வண்டி இழுக்கத்தான்டா."