கணினி வலையமைப்பு வடிவங்கள்

கணினிகளும் அவற்றை இணைக்கும் கருவிகளும் ஒன்றோடொன்று கோக்கப்பட்டிருக்கும் முறையே வலையமைப்பு வடிவம். டோபாலஜி என்ற பெயரிலும் வழங்குகிறது. கம்பி ஓடும் வழி புற வடிவம் எனவும், தரவு ஓடும் வழி தருக்க வடிவம் எனவும் பிரித்துச் சொல்லப்படும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டை, விண்மீன், வளையம், மரம், கண்ணி ஆகிய ஐந்தும் அடிப்படை வகைகள். கம்பிச் செலவு, பழுதைத் தாங்கும் திறன், பராமரிப்பின் எளிமை ஆகிய மூன்றையும் முழுமையாகத் தரும் வடிவம் எதுவும் இல்லை. ஊர்கள் சிதறிக் கிடக்கும் ஊரகப் பகுதியில் இந்தத் தெரிவு மேலும் கடினமாகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் ஒன்றியம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

தோற்றம்

இணைப்புகளை வெறும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் கண்டு ஆராயும் கணிதத்தை 1736இல் லியோனார்டு ஆய்லர் தொடங்கிவைத்தார். நடைமுறையில் முதலில் பரவிய வடிவம் விண்மீன். எல்லா வீட்டுக் கம்பிகளும் ஓரிடத்தில் வந்து சேரும் தொலைபேசி இணைப்பகம் 1878இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வணிகமுறையில் தொடங்கியது. சென்னைக்கு 1882இல் வந்தது. இணைப்பகம் செயலிழந்தால் ஊரே ஊமையாகும் என்பது இவ்வடிவத்தின் பிறவிக் குறை.

இக்குறைக்கு மாற்று தேடியவர் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பால் பாரன். அணுகுண்டுத் தாக்குதலுக்குப் பின்னும் பிழைத்திருக்கும் தொடர்பு அமைப்பைப் பற்றி 1964இல் வெளியிட்ட ஆய்வில் அவர் வலையமைப்புகளை மையப்பட்டவை, பல மையங்கள் கொண்டவை, பரவலானவை என வகுத்தார். எல்லாக் கணுக்களையும், அதாவது இணைப்புப் புள்ளிகளையும், எல்லாவற்றோடும் இணைக்கத் தேவையில்லை. மிகக் குறைந்த தேவையைப் போல மூன்று நான்கு மடங்கு இணைப்புகள் இருந்தாலே போதும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1969இல் நான்கு கணுக்களுடன் தொடங்கிய ஆர்ப்பாநெட், மாற்றுவழிகள் கொண்ட பகுதிக் கண்ணியாகவே வளர்ந்தது.

அலுவலகத்துக்குள் வந்த மாற்றங்கள்

ஒரே கட்டடத்துக்குள் கணினிகளை இணைக்க 1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கினர். ஒரு தடித்த கோஆக்சியல் கேபிளில் எல்லாக் கணினிகளும் தொங்கும் பாட்டை வடிவம் அது. ஒரு துண்டுக் கேபிள் 500 மீட்டர் வரை செல்லலாம். அதில் 100 இணைப்புகள் வரை தரலாம். பின்னர் வந்த மெல்லிய கேபிளில் இது 185 மீட்டர், 30 இணைப்புகள் எனக் குறைந்தது. செலவு மிகக் குறைவு. ஆனால் கேபிளின் கடைசி முனையில் மாட்டும் டெர்மினேட்டர் கழன்றாலும் மொத்த அலுவலகமும் நின்றுபோகும். பழுது எங்கே என்று ஒவ்வொரு மேசையாகத் தேட வேண்டும். இரு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் தரவு மோதிக் கெடும் என்பதால், கூட்டம் கூடக்கூட வேகமும் குறையும்.

மோதலைத் தவிர்க்க 1985இல் ஐபிஎம் டோக்கன் ரிங்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. டோக்கன் என்ற குறியீடு கணினி கணினியாகச் சுற்றிவரும். அதைப் பெற்ற கணினி மட்டுமே அனுப்பலாம். தரவு வளையமாகச் சுற்றினாலும், கம்பிகள் நடுவிலுள்ள ஒரு பெட்டிக்கே வந்து சேர்ந்தன.

1990இல் ஈதர்நெட், தொலைபேசிக் கம்பியை ஒத்த முறுக்குக் கம்பிக்கு மாறியது. ஒவ்வொரு கணினியிலிருந்தும் 100 மீட்டருக்குள் ஒரு தனிக் கம்பி ஹப் என்ற நடுப்பெட்டியை எட்டியது. ஹப், வரும் தரவை எல்லாருக்கும் அனுப்பியதால் தருக்க அளவில் அது பழைய பாட்டையே. உரிய கணினிக்கு மட்டும் தரவை அனுப்பும் ஸ்விட்ச் வந்தபின் மோதலும் ஒழிந்தது. கம்பி அதிகம் செலவானாலும், ஒரு கம்பி அறுந்தால் ஒரு கணினி மட்டுமே நிற்கும் என்ற வசதி விண்மீனை வெற்றிபெறச் செய்தது. இன்று ஒன்றிய அலுவலகம், வங்கிக் கிளை, பள்ளிக் கணினி அறை எங்கும் காணப்படுவது இவ்வடிவமே.

தமிழ்நாட்டு ஊரகத்தில்

1986இல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆய்வு வலையமைப்புத் திட்டம் சென்னை ஐஐடி உள்ளிட்ட எட்டு நிறுவனங்களை இணைக்க முற்பட்டது. மாவட்டத் தலைநகரங்களை அடைந்தது தேசியத் தகவலியல் மையத்தின் நிக்நெட். அதன் வி-சாட் எனும் சிறு செயற்கைக்கோள் நிலையங்கள் டெல்லி மையத்தின் வழியே பேசிக்கொண்டன. பூமியின் சுழற்சிக்கு ஈடாகச் சுற்றும் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் ஒருமுறை மேலேறி இறங்கக் கால் நொடி ஆகும். மையத்தைத் தொட்டு மீண்டும் ஏறி இறங்கினால் அரை நொடி. கம்பி போகாத இடத்தையும் எட்டும் வசதிக்கு இந்தத் தாமதம் விலையாயிற்று.

சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான குழு உருவாக்கிய கார்டெக்ட், வானொலி அலைகளால் ஆன விண்மீன். ஒரு கோபுரத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டர் தொலைவுவரை அதன் சேவை கிடைத்தது. 2000களின் தொடக்கத்தில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரக் கிராம இணைய மையங்கள் இதன் வழியே இயங்கின. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, திசை ஆண்டெனாக்களால் வைஃபையை நெடுந்தொலைவுக்கு நீட்டிச் சுற்று வட்டாரக் கண் பரிசோதனை மையங்களை இணைத்தது.

இதே காலத்தில் தெருக்களில் பரவிய கேபிள் டிவி மர வடிவம் கொண்டது. ஒரு மூலத்திலிருந்து கிளை பிரிந்து செல்லும் கேபிளில் இடையிடையே ஆம்ப்ளிஃபயர்கள் உண்டு; ஒன்று நின்றால் அதற்கு அப்பாலுள்ள தெருக்கள் எல்லாவற்றிலும் படம் போய்விடும். 2005இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த மாநிலப் பரப்பு வலையமைப்பும் மரமே: மாநிலத் தலைமையிடம், மாவட்டம், ஒன்றியம் என மூன்று படிநிலைகள், ஒன்றியம்வரை குறைந்தது நொடிக்கு 2 மெகாபிட். நிர்வாகப் படிநிலையோடு பொருந்தியதால் மேலாண்மை எளிதாக இருந்தது.

உத்திரமேரூர்க் கணக்கு

சோழர் காலக் குடவோலைக் கல்வெட்டுகளால் பெயர்பெற்ற உத்திரமேரூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றியத்தில் 73 கிராம ஊராட்சிகள் உள்ளன. ஒன்றிய அலுவலகத்தையும் சேர்த்து 74 கணுக்கள் எனக் கொண்டால் வடிவங்களின் வேறுபாடு எண்களில் தெரியும். விண்மீனுக்கு 73 இணைப்புகள் போதும். ஒரே பெரிய வளையத்துக்கு 74. எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இணைக்கும் முழுக் கண்ணிக்கு 2,701. எட்டுச் சிறு வளையங்கள் ஒன்றிய அலுவலகத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தால் 81.

விண்மீனின் 73 இணைப்புகள் எண்ணிக்கையில் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியே தலைமையிடம்வரை நீள வேண்டியிருப்பதால் தரவைக் கடத்தும் கண்ணாடி இழையின் மொத்த நீளம் மிகுதி. ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நீட்டினால் நீளம் குறையும். அவ்வாறு கோக்கப்பட்ட ஊர்கள் சங்கிலி ஏரிகளைப் போன்றவை: மேல் ஏரியின் கால்வாய் அடைபட்டால் கீழுள்ள ஏரிகள் அனைத்தும் வறளும்.

2011இல் ஒப்புதல் பெற்றுப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய, ஊராட்சிகளை இழையால் இணைக்கும் தேசியத் திட்டத்தின் முதல் கட்டம் பெரும்பாலும் இத்தகைய நேர்கோட்டு, கிளைவழி அமைப்பையே கொண்டிருந்தது. அதில் பயன்படுத்தப்பட்ட ஜிபான் என்ற இழைத் தொழில்நுட்பத்தில் ஒளியைப் பிரித்தளிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரம் தேவையில்லை. இது பெரிய நன்மை. ஆனால் சாலைப் பணியில் ஜேசிபி இழையை ஓரிடத்தில் அறுத்தால் அப்பாலுள்ள ஊராட்சிகளுக்கு மாற்றுவழி இல்லை. தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கான இரண்டாம் கட்டம், தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனமான டான்ஃபிநெட்டின் பொறுப்பில், ஊராட்சி ஒன்றுக்கு நொடிக்கு 1 ஜிகாபிட் என்ற அளவில் வளைய வடிவில் திட்டமிடப்பட்டது. 2023 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 1.39 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்த திருத்திய பாரத்நெட் திட்டமும் ஒன்றியத்துக்கும் ஊராட்சிக்கும் இடையே வளையத்தையே ஏற்றது.

வளையத்தின் வரம்புகள்

வளையத்தில் ஓரிடம் அறுந்தால் தரவு எதிர்த்திசையில் சுற்றிவரும். இரண்டு இடங்களில் அறுந்தால் இடைப்பட்ட ஊர்கள் தனித்துவிடும். ஆகவே வளையம் சிறியதாக இருப்பது நல்லது. ஒவ்வொரு கணுவிலும் மின்சாரம் வேண்டும் என்பதால், இரு ஊராட்சி அலுவலகங்களில் கரண்ட் போய் பேட்டரியும் தீர்ந்தால் விளைவு இரு அறுப்புகளுக்குச் சமம்.

இழை செல்லும் பாதையும் முக்கியம். காஞ்சிபுரத்துக்கும் உத்திரமேரூருக்கும் இடையே பாலாறும் செய்யாறும் குறுக்கிடுகின்றன. போகும் இழையும் திரும்பும் இழையும் ஒரே பாலத்தைக் கடந்தால், வரைபடத்தில் வளையமாக இருப்பது வெள்ளத்தில் ஒற்றைக் கோடாகிவிடும். தமிழ்நாட்டில் இழையின் பெரும்பகுதி மின்கம்பங்கள் மேல் செல்வதால் தோண்டும் செலவு மிச்சம். ஆனால் 2016 டிசம்பர் 12இல் வீசிய வர்தா புயல் காஞ்சிபுரம் உள்ளிட்ட வடமாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்களைச் சாய்த்தது. ஒரே சாலையோரக் கம்பங்களை நம்பும் இரு பாதைகள் புயலின்போது ஒன்றாகவே அறும்.

இன்றைய நிலை

தூய வடிவங்கள் இன்று அரிது. பாட்டை ஈதர்நெட்டும் டோக்கன் ரிங்கும் அலுவலகங்களிலிருந்து மறைந்துவிட்டன. கட்டடத்துக்குள் விண்மீன், வீடுகளுக்குச் செல்லும் ஃபைபரில் மரம், ஒன்றியத்துக்கும் ஊராட்சிக்கும் இடையே வளையம், பெருநகரங்களுக்கு இடையே பகுதிக் கண்ணி எனப் பல வடிவங்கள் கலந்த கலப்பு அமைப்பே இப்போதைய பொது வழக்கு.