தண்டவாளத்தைத் தாங்கிய கைகள்



ரயில் என்றதும் நம் கண்முன் வந்து நிற்பது இயந்திரம்தான். புகை கக்கிச் செல்லும் பழைய இயந்திரமானாலும், மின்சாரத்தில் ஓடும் இன்றைய வண்டியானாலும், குழந்தைகள் படம் வரையும்போது அதைத்தான் வரைகிறார்கள். அதன் அடியில் கிடக்கும் கட்டைகளையும் கற்களையும் யாரும் வரைவதில்லை. ஆனால் இயந்திரம் பழுதானால் வேறொன்றைப் பூட்டிக்கொள்ளலாம்; பாதை பழுதானால் எந்த இயந்திரமும் நகராது. ஆகவே ஒரு ரயில் பாதையின் வரலாறு, அதைத் திறந்து வைத்தவர்களின் வரலாறு மட்டுமன்று. அதை நாள்தோறும் செப்பனிட்டவர்களின் வரலாறும் ஆகும். இதனை விளக்க, நமது பேராக் மாநிலத்துப் பாதை ஒன்றையும், வேல்ஸ் நாட்டுப் பாதை ஒன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

மலாயாவின் முதல் ரயில் பாதை 1885ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நாள் திறக்கப்பட்டது. தைப்பிங் நகரையும் போர்ட் வெல்ட் துறைமுகத்தையும் இணைத்த அதன் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர்தான். லாருட் வட்டாரத்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டு செல்வதற்காகவே அது அமைக்கப்பட்டது. அதை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர். பின்னர் பாதைகள் நாடெங்கும் நீண்டபோது, நிலையங்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர் எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தனர். பாதையிலோ, தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் கடப்பாரையும் மண்வெட்டியும் ஏந்தி நின்றனர். ‘கேங்’ என்று நாம் சொல்லும் அந்தக் கூட்டத்தாருக்குத் தண்டவாளத்தின் ஓரத்திலேயே வீடு. தண்டவாளத்தின் மேலேயே வேலை.

அந்த வேலை என்ன? ஒரு ரயில் பாதை கிடைத்த இடத்தில் கிடத்திய இரும்பு அன்று. கீழே கருங்கல் ஜல்லி, அதன்மேல் குறுக்கே சிலிப்பர் கட்டைகள், அவற்றின்மேல் ஆணியடித்துப் பொருத்திய தண்டவாளங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள அகலம் எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நமது நாட்டுப் பாதையில் அது ஒரு மீட்டர். மழைநீர் தேங்கினால் கட்டை இற்றுப்போகும். கட்டை இற்றால் ஆணி பிடிக்காது. ஆணி தளர்ந்தால் தண்டவாளம் விலகும். விலகினால் வண்டிச் சக்கரம் தரையில் இறங்கிவிடும். மழையும் வெயிலும் மாறி மாறி வாட்டும் நம் நாட்டில் மரம் சீக்கிரம் கெடுகிறது. எனவே ஆணிகளைப் பிடுங்கி, இற்ற கட்டையை இழுத்தெறிந்து, புதுக் கட்டையைச் செருகி, அளவுகோல் வைத்து அகலம் பார்த்து, மீண்டும் ஆணியடித்து, கட்டைக்கு அடியில் ஜல்லியை இடித்துத் திணிக்க வேண்டும். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு முடித்துப் போவதற்குள், தொடங்கிய இடத்தில் மீண்டும் வேலை காத்திருக்கும்.

இனி வேல்ஸ் நாட்டிற்குச் செல்வோம். அங்கே டவின் என்னும் கடற்கரை ஊரிலிருந்து மலைகளுக்குள் செல்வது டாலிலின் ரயில் பாதை. மலையில் வெட்டிய பலகைக் கல்லை, அதாவது வீட்டுக் கூரைக்குப் பயன்படும் கல்லை, இறக்கிக் கொண்டுவர 1865ஆம் ஆண்டளவில் அமைக்கப்பட்டது. அதன் அகலம் 686 மில்லிமீட்டர்தான். நமது பாதையைவிடக் குறுகியது. லாருட்டில் ஈயம் எப்படியோ, அங்கே பலகைக் கல் அப்படி. 1946ஆம் ஆண்டு இறுதியில் கல் சுரங்கம் இடிந்து மூடப்பட்டது. சுமை போனபின் பாதைக்கு வருமானமும் போயிற்று. உரிமையாளராகிய சர் ஹென்ரி ஹேடன் ஜோன்ஸ், தாம் உள்ளளவும் வண்டியை நிறுத்துவதில்லை என்று உறுதி பூண்டு ஓட்டிவந்தார். 1950ஆம் ஆண்டு ஜூலை மாதம் அவர் காலமானார். பாதையின் கதையும் அத்துடன் முடிந்தது என்றே பலரும் எண்ணினர்.

ஆனால் எல். டி. சி. ரோல்ட் என்ற எழுத்தாளரும் அவருடைய நண்பர்களும் அவ்வாறு எண்ணவில்லை. 1950ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் பர்மிங்ஹாம் நகரில் ஒரு கூட்டம் கூட்டினர். பாதையைக் காக்க ஒரு சங்கம் பிறந்தது. 1951ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் அவர்களுடைய முதல் வண்டி புறப்பட்டது. தொண்டூழியர்கள் பொறுப்பேற்று நடத்திய முதல் ரயில் பாதை என உலகம் இன்று அதைப் போற்றுகிறது.

அவர்கள் ஏற்றுக்கொண்ட பாதை எந்த நிலையில் இருந்தது தெரியுமா? பெரும்பகுதி, தொடக்கத்தில் போட்ட அதே இரும்பு. கட்டைகள் பல இற்றுக் கிடந்தன. புல் மண்டி, அந்தப் புல்லின் வேர்ப்பிடிப்பே தண்டவாளங்களை விலகாமல் வைத்திருந்தது எனலாம். களையைப் பிடுங்கினால் பாதை அழகாகும். ஆனால் கட்டையை மாற்றாமல் களையை மட்டும் பிடுங்கினால் பாதையே விலகிவிடும்! ஓடக்கூடிய நிலையிலிருந்த ஒரே இயந்திரம் 1866இல் செய்யப்பட்ட ‘டோல்கோக்’. அண்டையில் மூடப்பட்ட மற்றொரு பாதையின் இரண்டு இயந்திரங்களை, ஒவ்வொன்றும் 25 பவுனுக்கு வாங்கினர். எனினும் இயந்திரம் வாங்கியதால் கவலை தீரவில்லை. புதிதாய் வந்தவற்றுள் ஒன்று இந்தத் தளர்ந்த பாதையில் நிற்காமல் தடம் புரண்டது. பாதைதான் முதல் வேலை என்பதை அவர்கள் அனுபவத்தில் கற்றனர்.

ஆகவே விடுமுறை நாள்களில், நகரங்களில் வேறு வேறு தொழில் பார்த்தவர்கள் வந்து கடப்பாரை பிடித்தனர். மழையில் நனைந்து கட்டை சுமந்தனர். கூலி இல்லை, சாப்பாடும் தங்கலும் பெரும்பாலும் அவரவர் பொறுப்பு. முன்பே அங்கு வேலை பார்த்த ஊழியர்கள் சிலரும் உடனிருந்தனர். வெறும் ஆர்வம் மட்டும் தண்டவாளத்தை நேராக்காது. கைப்பழக்கம் உள்ளவர் காட்டித்தர வேண்டும். ‘தாமஸ்’ என்னும் ரயில் இயந்திரக் கதைகளைப் படைத்த பாதிரியார் ஆட்ரியும் 1952இல் அங்கே தொண்டூழியராய்ச் சென்றவரே. நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்த்து மகிழும் அந்தக் கதையுலகில், அவர் கண்ட குறுகிய பாதைக்கும் ஓர் இடமுண்டு. 2021ஆம் ஆண்டு யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த வேல்ஸ் பலகைக் கல் நிலப்பரப்பில் இப்பாதையும் அடங்கும்.

இங்கு நாம் ஒன்றை மறக்கலாகாது. மனம் விரும்பிக் கட்டை சுமப்பதற்கும், வயிற்றுக்காகக் கட்டை சுமப்பதற்கும் வேறுபாடு உண்டு. மிரட்டிச் சுமக்க வைப்பதோ மூன்றாவது வகை. ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைந்தது. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் பெயர்த்த தண்டவாளங்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. இரும்பும் நம் நாட்டினுடையது. உயிரும் நம் மக்களுடையது. வேல்ஸ் நாட்டில் கட்டை மாற்றியவர்களின் பெயர்கள் சங்கத்தின் ஏடுகளில் உள்ளன. சயாம் காட்டில் மாண்ட நம்மவரில் மிகப் பலருடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை.

தைப்பிங்–போர்ட் வெல்ட் பாதை என்னவாயிற்று? ஈயம் குறைந்தது, சாலைகள் பெருகின, 1980ஆம் ஆண்டுகளில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. போர்ட் வெல்ட் இன்று கோலா செப்பெத்தாங் என்று வழங்குகிறது. அங்கே எஞ்சி நிற்பது நிலையத்தின் பெயர்ப்பலகை. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. கற்பித்துக் காட்ட அதைவிடச் சிறந்த வரலாற்றுப் பாடம் வேண்டுமா? தெலுக் இந்தான் அருகே ஜெண்டராத்தா தோட்டத்திலோ குறுகிய ரயில் பாதை வேறு விதமாய் வாழ்ந்துவந்திருக்கிறது. 1906இல் டென்மார்க் நாட்டவர் ஒருவர் தொடங்கிய ரப்பர் தோட்டம் அது. பின்னர் செம்பனைக் குலைகளைச் சுமந்து வண்டிகள் ஓடின. பயன் இருக்கும்வரை பாதை செப்பனிடப்படுகிறது; பயன் போனபின் அன்பு இருந்தால்தான் செப்பனிடப்படும்.

பெயர்த்த தண்டவாளத்தை மீண்டும் போடுவது நம்மால் ஆகாத காரியம். ஆனால் பாதையில் வேலை செய்தவர்களின் நினைவு இன்னும் முற்றாக இற்றுப்போகவில்லை. ஈப்போவிலும் தைப்பிங்கிலும், மூடப்பட்ட தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய வீடமைப்புகளிலும், கேங்கில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். தோட்டப் பள்ளி ஆசிரியர்களாகிய நாங்கள் மாணவர்களிடம் சொல்வது இதுதான்: தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேளுங்கள். எந்த மைலில் வேலை, கங்காணி யார், மழைக்காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பெயரையும் ஊரையும் ஆண்டையும் தவறாமல் குறியுங்கள்.

இதுவும் ஒரு வகையில் கட்டை மாற்றும் வேலையே. ஒருவரே எல்லாவற்றையும் மாற்ற முடியாது. ஒவ்வொருவரும் ஒரு கட்டையை மாற்றினால் பாதை நிற்கும்.